பெயர் பெற்ற ஆமைகளும் பெயரற்ற ஆமைகளும்: பிரித்தானியாவின் ஆமை வளர்ப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வரலாறு என்பது பெரும்பாலும் எழுத்தில் எஞ்சியவற்றின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. அரசரும் படைத்தலைவரும் ஆவணங்களில் இடம்பெற்றமையால் அவர்களை நாம் அறிகின்றோம். ஆவணம் பெறாத பெருந்தொகையினர் அறியப்படாமலே மறைந்துபோயினர். மனித சமுதாயத்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை, மனிதனோடு வாழ நேர்ந்த விலங்குகளுக்கும் பொருந்துவதாகும். பிரித்தானிய மக்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலஆமைகளைத் தம் தோட்டங்களில் வளர்த்து வந்துள்ளனர். அவற்றுட் சில பெயர் பெற்றன, நூல்களில் இடம்பெற்றன, அவற்றின் ஓடுகள் இன்றும் பேணப்படுகின்றன. ஏனைய பல இலட்சம் ஆமைகள் பெயரின்றி வந்து, பெயரின்றி மடிந்தன. முன்னவற்றின் புகழே பின்னவற்றின் அழிவுக்குத் துணைபோயிற்று என்பதும், கைவிடப்படும் வளர்ப்பு ஆமை பற்றிய இன்றைய பிரச்சினையை அவ்வரலாற்றின் ஒளியிலேயே விளங்கிக்கொள்ள முடியும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பிரித்தானியாவுக்கு இயற்கையாக உரிய நிலஆமை எதுவும் இல்லை. அங்கு வளர்க்கப்பட்டவை மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலிருந்து, சிறப்பாக வட ஆபிரிக்காவிலிருந்து, கொண்டுவரப்பட்டவை. ஆரம்ப காலத்தில் இவை பெரியோர் இல்லங்களுக்குரிய அரும்பொருள்களாகவே விளங்கின. முதலாம் சாள்ஸ் மன்னனின் காலத்தில் கன்ரபரிப் பேராயராக இருந்த வில்லியம் லோட் என்பவரின் ஆமை இவற்றுள் முற்பட்டது. 1633ஆம் ஆண்டில் அவர் பேராயரானபோது அதுவும் இலண்டனிலுள்ள லம்பெத் மாளிகைக்கு வந்து சேர்ந்தது. 1645ஆம் ஆண்டில் லோட் சிரச்சேதம் செய்யப்பட்டார். நாட்டில் முடியாட்சி வீழ்ந்தது, மீண்டும் எழுந்தது, பேராயர் பலர் மாறினர். ஆமையோ அதே தோட்டத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. 1753 அளவில் அது இறந்ததாகவும், முதுமையன்றித் தோட்டக்காரரின் கவனக்குறைவே அதற்குக் காரணமென்றும் மரபாகக் கூறப்படுகின்றது. நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த ஓர் உயிர், ஒருவரின் சில நாளைய அசட்டையால் அழிந்தது. இதன் ஓடு இன்றும் அம்மாளிகையிலே உள்ளது.

இரண்டாவது ஆமை இலக்கியத்திலே இடம்பெற்றதாகும். கில்பேட் வைற் என்ற கிராமக் குருவானவர் எழுதிய செல்போனின் இயற்கை வரலாறு என்னும் நூல் ஆங்கில இயற்கையியல் நூல்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாகக் கருதப்படுவது. அந்நூலில் வரும் ரிமதி என்ற ஆமை, முதலில் சசெக்ஸ் மாவட்டத்து றிங்மர் கிராமத்தில், வைற்றின் உறவினரான ஸ்னூக் அம்மையாரிடம் வளர்ந்தது. 1780ஆம் ஆண்டில் அம்மையார் காலமானார். வைற் அவ்வாமையைக் குளிர்கால உறக்கத்திலேயே தோண்டியெடுத்து, குதிரை வண்டியில் ஏறத்தாழ 80 மைல் தூரம் கொண்டுசென்று தம் தோட்டத்தில் விட்டார். அது எப்போது மண்ணுக்குள் புகுகின்றது, எப்போது வெளிவருகின்றது, எதனை உண்கின்றது, எவ்வளவு நிறையுடையது என்பவற்றையெல்லாம் ஆண்டுதோறும் குறித்துவைத்தார். தனக்கு நெடுங்காலம் உணவளித்த மூதாட்டியைக் கண்டதும் அது அவரை நோக்கி நகர்ந்துவரும் என்றும், அந்நியரைப் பொருட்படுத்துவதில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். 1793இல் வைற் இறந்தார். மறு ஆண்டில் ரிமதியும் இறந்தது. அதன் ஓடு இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்தது. ஆண் பெயர் தாங்கிய அவ்வாமை உண்மையிற் பெண் என்பதும் அவ்வோட்டினை ஆராய்ந்தபோதே தெரியவந்தது.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றை உணர்த்துகின்றன. ஆமையை வளர்த்தல் என்பது ஒருவரின் வாழ்நாளுள் அடங்கும் செயலன்று. அது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு, காணியும் வீடும் போலக் கைமாற வேண்டிய பொறுப்பாகும். ஸ்னூக் அம்மையாருக்குப் பின் ஒரு வைற் இருந்தமையாலேயே ரிமதி மேலும் 14 ஆண்டுகள் வாழ முடிந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. இலண்டன் நகர ஏழை மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 1851ஆம் ஆண்டில் விரிவான நூலொன்றை வெளியிட்ட ஹென்றி மேஹியூ, தெருவில் ஆமை விற்போரைப் பற்றியும் குறிப்பிடுகின்றார். மொரோக்கோவின் மொகடோர் துறைமுகத்திலிருந்து ஆண்டுதோறும் 20,000 ஆமைகள் வரை இலண்டனுக்கு வந்தன என்பது அவர் தரும் செய்தி. அதனினும் கருதத்தக்கது அவை வந்த முறை. கப்பலின் சமநிலைக்காக அடித்தளத்தில் இடப்படும் பாரத்தோடு பாரமாக அவை ஏற்றிவரப்பட்டன. உணவு கேட்டுக் குரலெழுப்பாத உயிராதலின், கல்லுக்கும் ஆமைக்குமிடையே கப்பற்காரர் வேறுபாடு காணவில்லை. அரும்பொருளாக இருந்தது சரக்காக மாறிய கட்டம் இதுவேயாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வணிகம் பேருருக் கொண்டது. தள்ளுவண்டிகளிலும் சந்தைகளிலும் பின்னர் செல்லப்பிராணிக் கடைகளிலும் ஆமைகள் குவித்து விற்கப்பட்டன. 1960களின் பிற்பகுதி முதல் 1970களின் பிற்பகுதி வரையான காலத்தில் மட்டும் பிரித்தானியாவுக்கு இறக்குமதியானவை பத்து இலட்சத்தைத் தாண்டின. பெட்டிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு வந்தவற்றுட் பல வழியிலேயே நசுங்கியும் நீரின்றியும் இறந்தன. உயிரோடு வந்தவற்றுட் பெரும்பாலானவை முதலாம் அல்லது இரண்டாம் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

இதற்கான காரணங்கள் உயிரியல் சார்ந்தவை. ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது. வெயிலின்றேல் அதற்குச் சமிபாடும் இல்லை. மத்தியதரைப் பிரதேசத்தின் நீண்ட கோடையில் உண்டு கொழுத்து, அதன்பின் குறுகிய குளிர்காலத்தை உறங்கிக் கழிப்பது அதன் இயல்பு. பிரித்தானியாவிலோ கோடை குறுகியது, குளிரோ நீண்டது. போதிய நிறை பெறாமலே ஆமைகள் உறக்கத்துக்குச் சென்றன. வளர்த்தோருட் பலர் தழைகளுக்குப் பதிலாகப் பாணும் பாலும் கொடுத்தனர். ஓடிவிடாதிருக்க ஓட்டின் ஓரத்தில் துளையிட்டுக் கயிறு கட்டுவதும் வழக்கிலிருந்தது. ஓட்டிலும் குருதி ஓடுகின்றது, நோவும் உணரப்படுகின்றது என்பதை அறிந்தவர் சிலரே. இலையுதிர் காலத்தில் வைக்கோலிட்ட பெட்டியொன்றில் ஆமையை இட்டு, பரணிலோ கொட்டகையிலோ வைத்துவிட்டு மறந்துவிடுவர். வசந்தத்தில் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வெற்றோடுதான். கடையில் மற்றொன்று மலிவாகக் கிடைத்தது. உயிரோடு எழுந்தவையும் தோட்டத்து வேலியைக் கடந்து போயின, தேடுவார் இல்லை.

இவர்களனைவரும் கொடியோர் எனக் கூறிவிடுதல் எளிது. ஆயின் அது நேரிய விளக்கமாகாது. தம் பிள்ளைகளுக்கு அன்போடு ஆமை வாங்கிக் கொடுத்த சாதாரணக் குடும்பத்தினரே இவர்களிற் பெரும்பாலானோர். அவர்கள் அறிந்திருந்ததெல்லாம் ஆமை நூறாண்டு வாழும், அதற்கு அதிகம் எதுவும் வேண்டியதில்லை என்பதே. இந்நம்பிக்கை எங்கிருந்து வந்தது? லம்பெத் மாளிகை ஆமையின் கதையிலிருந்தும், செல்போன் ஆமையின் கதையிலிருந்தும், அவைபோன்ற பிற கதைகளிலிருந்துமே வந்தது எனலாம். பிழைத்தவை மட்டுமே கதைகளாயின. முதற்குளிரில் மடிந்த ஆமைக்கு எவரும் வரலாறு எழுதுவதில்லை; அதன் ஓட்டினை எந்த நூதனசாலையும் ஏற்பதில்லை. எஞ்சிய சான்றுகளை மட்டும் வைத்து முழுமையை அளவிடும் தவறு, வரலாற்று மாணவர் தம் ஆய்விலே தவிர்க்கவேண்டிய முதல் தவறு. பிரித்தானிய மக்கள் அத்தவற்றைத் தம் வீட்டுத் தோட்டத்திலே செய்தனர். மேலும், ஆமையின் சாவு மெதுவானது. உடலிற் சேர்த்த கொழுப்பைக் கொண்டு அது பல மாதங்கள் பட்டினியைத் தாங்கும். ஆதலின், செத்துக்கொண்டிருக்கும் ஆமையும் நலமாக உள்ள ஆமையும் பழகாத கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இதே காலத்தில் டெவன் பிரபு குடும்பத்தினரின் பவுடரம் மாளிகையில் மற்றொரு ரிமதி வாழ்ந்தது. 1854ஆம் ஆண்டில், கிரிமியப் போரின்போது செவஸ்தபோல் மீது நடந்த தாக்குதலில் ஈடுபட்ட போர்க்கப்பலொன்றில் இது இருந்தது. இதுவும் பெண்ணென்று 1926இலேயே அறியப்பட்டது. தான் மிக முதிய ஆமையென்றும் தன்னைத் தூக்கவேண்டாமென்றும் கேட்டுக்கொள்ளும் சீட்டொன்று இதன்மீது கட்டப்பட்டிருந்தது. 2004ஆம் ஆண்டில் இறந்தபோது இதன் வயது ஏறத்தாழ 160 எனக் கணிக்கப்பட்டது. இதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டுமன்று. பெருந்தோட்டமும், பணியாளரும், தலைமுறை தோறும் பொறுப்பேற்க ஒரு குடும்பமும் இதற்கு வாய்த்திருந்தன. வாடகை வீட்டின் பின்முற்றத்தில் இவை எளிதிற் கிட்டுவன அல்ல.

மாற்றம் மெல்ல மெல்லவே வந்தது. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய சமவாயம் 1973ஆம் ஆண்டில் கைச்சாத்திடப்பட்டு 1975இல் நடைமுறைக்கு வந்தது. 1970களின் இறுதியில் மொரோக்கோவிலிருந்து வணிக ஏற்றுமதி நின்றபோது வணிகர் துருக்கி முதலிய நாடுகளை நாடினர். 1980ஆம் ஆண்டில் ஒலிபன்ற் ஜக்சன் என்ற மிருக வைத்தியர், ஆமையின் நீளத்தையும் நிறையையும் ஒப்பிட்டு அதன் நலத்தை அறியும் அட்டவணையொன்றை வெளியிட்டார். உறக்கத்துக்கு அனுப்பத்தக்கது எது, தகாதது எது என்பதனைச் சாதாரண வளர்ப்போரும் தராசொன்றின் உதவியால் அறிய இது வழி செய்தது. வைற் தம் ஆமையை நிறுத்துப் பார்த்து இரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தமை எண்ணற்பாலது. ஈற்றில், 1984 சனவரி 1 முதல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகளில் மத்தியதரை ஆமைகளின் வணிக இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஆமையின் விலை உயர்ந்தது. விலை உயரவே கவனிப்பும் உயர்ந்தது. வளர்ப்பிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முயற்சிகளும் பெருகின.

ஆயினும் சட்டம் ஓர் இனத்தின் வணிகத்தை நிறுத்தியதேயன்றி, மலிவான ஆமை வேண்டுமென்ற ஆசையை நிறுத்தவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பண்ணைகளில் உற்பத்தியாகும் செங்காது நன்னீர் ஆமை அவ்விடத்தை நிரப்பிற்று. சல்மொனெல்லா நோய் சிறுவருக்குத் தொற்றியமையால், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தன் நாட்டில் தடைசெய்திருந்தது, ஏற்றுமதிக்கோ தடையில்லை. 1980களின் இறுதியில் ஆமை வீரர்களைப் பாத்திரங்களாகக் கொண்ட தொலைக்காட்சிச் சித்திரத் தொடர் சிறுவரைக் கவரவே விற்பனை பெருகியது. வாங்கும்போது நாணயமளவாக இருந்த குஞ்சு சில ஆண்டுகளில் உணவுத் தட்டளவாக வளர்ந்தது. தண்ணீர் நாறியது, தொட்டி போதவில்லை, அதற்குள் பிள்ளைகளின் ஆவலும் தணிந்துவிட்டது. இலண்டன் பூங்காக்களின் குளங்களும் கால்வாய்களும் இவ்வாமைகளால் நிரம்பத் தொடங்கின. குளத்தில் விடுவதை விடுதலை அளிப்பதாகவே பலர் கருதினர். உண்மையில் அது ஆமையைக் குளிருக்கும், குளத்தின் பிற உயிர்களை ஆமைக்கும் இரையாக்குவதாகும். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இதன் இறக்குமதியை நிறுத்தியது; 2016இல் ஊடுருவும் அந்நிய இனங்களின் பட்டியலிலும் சேர்த்தது.

யப்பான் இவ்விடயத்தில் கைக்கொண்ட முறை நுணுகி நோக்கத்தக்கது. 2023 யூன் முதல் அந்நாடு செங்காது ஆமையின் விற்பனையையும் அதனை வெளியே விடுவதையும் தடைசெய்தது. ஆயின் ஏற்கெனவே வீட்டில் வளர்ப்போர் தொடர்ந்து வளர்க்கலாம் என விதிவிலக்களித்தது. வளர்ப்பதையே குற்றமாக்கினால் மக்கள் அஞ்சி ஒரே நாளில் அனைத்தையும் ஆற்றில் விட்டுவிடுவர் என்பதை அது உணர்ந்திருந்தது.

மேற்கூறியவற்றிலிருந்து ஊர்வன வளர்ப்போரின் கடமை யாதென்பது புலப்படும். வாங்குமுன் அதன் வளர்ந்த பருமனையும் ஆயுளையும் அறிதல் வேண்டும். அதற்கு வேண்டிய வெப்பத்தையும் ஒளியையும் இடத்தையும் தம்மால் அளிக்க இயலுமா என எண்ணுதல் வேண்டும். தமக்குப் பின் அதனைப் பொறுப்பேற்பவர் யாரென்பதை முன்கூட்டியே தீர்மானித்தல் வேண்டும். இயலாதபோது அதற்குரிய காப்பகத்திடமோ தக்க வேறொருவரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். எக்காரணங்கொண்டும் குளத்திலோ காட்டிலோ விடுதல் ஆகாது. இவற்றுக்கு உடன்படாதவர் வாங்காதிருப்பதே அவர் அவ்வுயிருக்குச் செய்யும் நன்மையாகும்.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. இலங்கையின் உலர்வலயப் பற்றைக்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமை, தன் ஓட்டின் அழகினாலேயே கடத்தலுக்கு உள்ளாகி வருகின்றது. 2019ஆம் ஆண்டில் அது மேற்குறித்த சமவாயத்தின் மிக உயர்ந்த பாதுகாப்புடைய முதலாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. முன்னொரு காலத்தில் மொரோக்கோ நின்ற இடத்திலேயே இன்று நாம் நிற்கின்றோம். காட்டிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வோர் ஆமையும் ரிமதியைப்போல் நெடுங்காலம் வாழும் என வாங்குவோர் எண்ணக்கூடும். ஆயின், பரண்மீது மறக்கப்பட்ட பெட்டியே அவற்றுட் பெரும்பாலானவற்றுக்குக் காத்திருக்கும் முடிவென்பதை, பெயர் பெறாத அந்தப் பத்து இலட்சம் ஆமைகளின் வரலாறு நமக்குக் கூறுகின்றது.