பழவேற்காடு தரும் படிப்பினை

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் காணுமாறு அல்லாஹ் தன் திருமறையில் பலமுறை கூறுகின்றான். விடுமுறை என்றதும் நம்மில் பலர் எகிப்தையும் துருக்கியையும் எண்ணுகிறோம். நாங்கள் இருவரும், கணவனும் மனைவியுமாக, இம்முறை சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டுக்குச் சென்றோம்.

ஏரிக்கரையிலுள்ள இம்மீனவ ஊரில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களது வணிகம் இங்கிருந்தே நடத்தப்பட்டது. துணி மட்டுமன்று, பஞ்சத்தில் வாடிய மனிதர்களும் அடிமைகளாக இங்கிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

இன்று அக்கோட்டை புதர் மண்டிய மண்மேடு. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டுள்ளன. அதிகாரிகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன; கப்பலேற்றப்பட்ட அடிமைகளின் பெயர்கள் அங்கே எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களை அறிந்தவன் அல்லாஹ்வே.

கடல் வணிகம் செய்த மரைக்காயர் மரபினர் வாழ்ந்த தெருக்களில், நம் சகோதரிகள் இன்றும் பனையோலைப் பெட்டிகள் முடைகின்றனர். பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கிறது. தொலைதூரம் செல்லுமுன், பிள்ளைகளை ஒருமுறை இங்கே அழைத்து வாருங்கள். ஆட்சியும் செல்வமும் நிலையற்றவை என்பதை இவ்வூரே அவர்களுக்குச் சொல்லும்.