பாஸ் லினக்ஸ்: ஒரு வெளியீட்டு வரலாறு

பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பது முழுப்பெயர். 2007 ஜனவரியில் அறிமுகமானது. 18 இந்திய மொழிகளில் பயன்படுத்தலாம் என்பதே அதன் முதன்மை விளம்பரம்.

இதன் தொடக்கம் 2005இல் அமைந்த தேசியக் கட்டற்ற மென்பொருள் வள மையம். சென்னை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் அதைச் சேர்ந்து நடத்தின. அதே காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனமும் அதிகாரி உமாசங்கரின் தலைமையில் சூசே லினக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. விலை கொடுத்து உரிமம் வாங்கும் மென்பொருளுக்கு மாற்று தேடுவது அன்று சென்னையில் தனிமனித ஆர்வமாக மட்டும் இருக்கவில்லை. அரசு அலுவலகங்களும் அதைப் பேசின.

பாஸ் வெறுங்கையோடு தொடங்கியதல்ல. 1993இல் இயன் முர்டாக் தொடங்கிய டெபியன் லினக்ஸ்தான் அதன் அடித்தளம். டெபியனில் ஒரு மென்பொருள் பொதி முதலில் 'நிலையற்ற' கிளைக்கு வரும். சில நாள் பெரிய வழு எதுவும் தென்படாவிட்டால் 'சோதனை'க் கிளைக்கு ஏறும். பின் ஒரு நாள் உறைநிலை அறிவிப்பார்கள். அதன்பிறகு புதிய வசதிக்கு இடமில்லை, வழு நீக்கம் மட்டுமே. வெளியீட்டைத் தடுக்கும் வழுக்கள் தீர்ந்த பின்பே 'நிலையான' பதிப்பு வரும். தேதியை முன்கூட்டிச் சொல்லி மாட்டிக்கொள்ளாமல், தயாரானதும் வெளியிடுவோம் என்பது அவர்களின் பழைய வழக்கம். அரசுத் திட்டத்துக்கோ விழாத் தேதி உண்டு, டெண்டர் தேதி உண்டு. பாஸின் சிக்கல்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

டெபியன் பொதிகளை எடுத்து, சி-டாக் குழு அவற்றின்மேல் இந்திய மொழிகளுக்கான எழுத்துரு, விசைப்பலகை, மொழிபெயர்த்த பட்டியல்கள் ஆகியவற்றை ஏற்றியது. சொல்வதற்கு எளிது. 'கொ' என்ற எழுத்தையே பார்க்கலாம். கோப்பில் அது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். திரையிலோ குறி பிளந்து, ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலுமாக வர வேண்டும். எழுத்தை வடிவமைக்கும் நிரல் நூலகம் மாறினால் எங்கோ ஒரு மெனுவில் கொம்பு இடம் தவறி நிற்கும். ஆங்கில இடைமுகத்தை மட்டும் சோதிப்பவர் கண்ணில் அது படவே படாது. தமிழ்99 தட்டச்சும் இப்படியே, உள்ளீட்டு நிரல் மாறும்போதெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டிய வேலை. மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஓர் உறைநிலை தேவை. ஆங்கிலத் தொடர்கள் கடைசி வாரம்வரை மாறிக்கொண்டிருந்தால் தமிழ் மெனுவில் பாதி ஆங்கிலமாகவே நிற்கும்.

இவ்வளவும் முடிந்தால் மிச்சம் இயந்திர வேலை: எல்லாப் பொதிகளையும் சேர்த்து ஒரே வட்டுப் படிமமாக்குவது, இறக்குபவர் கோப்பு கெடாமல் வந்ததா எனச் சரிபார்க்கச் சோதனைத்தொகை தருவது, வழங்கியில் ஏற்றுவது. ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம் உள்ள நிரல்களுக்கு மூல நிரலும் கிடைக்க வழிசெய்ய வேண்டும்.

மூன்றாம் பதிப்பு தேஜஸ், நான்காவது சவீர், 2013இல் வந்த ஐந்தாவது அனோகா. அனூப், திரிஷ் ஆகியவற்றுக்குப் பின் 2019இல் உன்னதி, 2021இல் ஊர்ஜா. சென்னையில் உருவான பதிப்புகள்தாம், பெயர்கள் மட்டும் ஏனோ இந்தப் பக்கம் வரவில்லை. பள்ளிகளுக்கென எடுபாஸ் என்ற தனி வடிவமும் உண்டு.

பதிவிறக்கத்தைவிடப் பெரிய விநியோகம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கியது. தொழிற்பேட்டையுள்ள காக்களூரில், 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டின் இலக்கு 9.12 லட்சம் மடிக்கணினிகள். விண்டோஸுடன் பாஸும் ஏற்றப்பட்ட கணினிகளை மாணவர்கள் பெற்றார்கள். கணினியைத் திறந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்கு இப்படியொரு விநியோகம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆனால் வட்டில் ஏற்றிய பதிப்பு தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. டெபியனின் நிலையான பதிப்பொன்றுக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் சுமார் மூன்றாண்டுகளே வரும். பிளஸ் டூவில் கணினி வாங்கிய மாணவர் பட்டப்படிப்பை முடிக்கும் முன்பே அந்த அடித்தளத்துக்கு வயதாகிவிடும். அடுத்த பதிப்புக்கு மாறுவது எப்படி என்று பள்ளியில் யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும். வெளியீட்டுப் பணி என்றால் அதுவும் சேர்த்துத்தான்.

2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. அதையொட்டித் தமிழக அரசு தன் துறைகளை பாஸுக்கு மாறச் சொன்னது. புதிய வசதிகளுக்காக அல்ல, திருத்தங்கள் நின்றுபோவதால் வந்த அழைப்பு அது. கல்லூரி மாணவர்களுக்கென 2025இல் எல்காட் 20 லட்சம் மடிக்கணினிகளுக்கு டெண்டர் கோரியபோது, விண்டோஸ் 11உடன் பாஸும் மறுபடி இடம்பெற்றது.