கையொப்பத்துக்கு மேலுள்ள வரி

அலுவலக மின்னஞ்சலின் இறுதியில் பெயருக்கு மேல் இடப்படும் 'தங்கள் உண்மையுள்ள', 'அன்புடன்', 'நன்றி' முதலிய விடைபெறு தொடர்கள் வெற்று அலங்காரமாகத் தோன்றினும், எழுதியவர் யார் என்பதை உறுதிசெய்வதும், பெறுபவரை அவர் எந்த நிலையில் வைத்து மதிக்கிறார் என்பதை அறிவிப்பதுமான இரு பணிகளை நெடுங்காலம் ஆற்றிவந்தவை.

முதற்பணியின் தொன்மையான சான்று ஒன்று வடபிரிட்டனின் வின்டொலாண்டா என்னும் ரோமானியக் கோட்டையில் கிடைத்தது. கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தில் கிளாடியா செவெரா என்னும் பெண், கோட்டைத் தலைவரின் மனைவி சுல்பிகியா லெபிடினாவைத் தம் பிறந்தநாளுக்கு அழைத்து அனுப்பிய மரப்பட்டிகை மடலில், செய்தியை எழுத்தர் எழுத, விடைபெறும் வரிகளை மட்டும் செவெரா தம் கைப்பட எழுதினார். பெண் கையெழுத்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய லத்தீன் வரிகளுள் அவையும் அடங்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் சாட்சியிட்டோர் தத்தம் பெயரோடு 'இவை என் எழுத்து' என்று பொறிக்கச் செய்ததும் இத்தகைய உறுதிமொழியே.

இரண்டாம் பணியாகிய தகுதி அறிவித்தல், ஐரோப்பாவில் வியக்கத்தக்க நுட்பத்துடன் வளர்ந்தது. 1568இல் லண்டனில் வெளியான வில்லியம் ஃபுல்வுட்டின் கடிதக் கையேடு, மேலோருக்கு எழுதுகையில் முடிவுத் தொடரைத் தாளின் அடியில் வலப்புறத்திலும், ஒத்தோருக்கு எழுதுகையில் நடுப்பகுதியிலும், கீழோருக்கு எழுதுகையில் மேலே இடப்புறத்திலும் அமைக்குமாறு விதித்தது. விலைமிக்க தாளை வெறுமையாக விடுவதே மரியாதையின் அளவுகோலாயிற்று என்பதால், சொல்லை வாசிக்கும் முன்பே, இடைவெளியைக் கண்ட மாத்திரத்தில் எழுதியவரின் பணிவு புலப்பட்டிருக்கும்.

காலப்போக்கில் இடைவெளியின் இடத்தைச் சொற்கள் பிடித்துக்கொண்டன. 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்னும் தொடர் பகைவர்க்கிடையிலும் கைவிடப்படவில்லை. 1804இல் அமெரிக்கத் தலைவர்களான அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஏரன் பர்ரும் துப்பாக்கிச் சண்டைக்கு முன் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டி எழுதிய மடல்களும் அவ்வாறே முடிந்தன. அன்பை அல்ல, இருவரும் ஒரே ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதையே அத்தொடர் சொன்னது. பிரிட்டிஷ் இந்திய அலுவலகங்கள் இதே வாய்பாட்டைக் கையாண்டன; தமிழகப் பள்ளி விடுப்பு விண்ணப்பங்களில் நிலைத்துவிட்ட 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' அதன் வழித்தோன்றலே.

1971இல் பொறியாளர் ரே டாம்லின்சன் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலைப்பின்னலில் முதல் மின்னஞ்சலை அனுப்பிய பின், அனுப்புநர், நாள், பொருள் ஆகியவற்றைத் தாங்கும் தலைப்பகுதி 1973இல் வரையறுக்கப்பட்டபோது, பெயரை அறிவிக்கும் பணி மடலின் முடிவிலிருந்து முகப்புக்கு இடம்பெயர்ந்தது. வயதிலும் பதவியிலும் மூத்தவருக்குக்கூடச் சுருக்கமாகவும் பிழையோடும் எழுதலாம், அவர் அதைத் தவறாகக் கொள்ளமாட்டார் என்பதை மின்னஞ்சலின் சிறப்புகளுள் ஒன்றாகக் கணினி ஆய்வாளர்களான ஜே.சி.ஆர். லிக்லைடரும் ஆல்பர்ட் வெஸ்ஸாவும் 1978இல் குறித்தனர்.

அந்தச் சமத்துவம் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களின் சிறு வட்டத்துக்கே உரியதாக இருந்தது எனல் வேண்டும். மேலாளர், வாடிக்கையாளர், விண்ணப்பதாரர் எனப் படிநிலை கொண்டோரிடம் மின்னஞ்சல் பரவியதும் பழைய தேவை மீண்டெழுந்தது. 1995இல் வெளியான இணைய நாகரிக வழிகாட்டி ஆவணம், கையொப்பப் பகுதி நான்கு வரிகளைத் தாண்டலாகாது என அறிவுறுத்தியது. எனினும் பதவிப்பெயர், நிறுவன முகவரி, பொறுப்புத் துறப்பு எனத் தானியங்கியாக இணையும் பகுதி நீண்டுகொண்டே சென்றது.

இன்றைய அலுவலக வழக்கில் முதல் மடலில் இடம்பெறும் முழுத் தொடர், பதில்கள் தொடரத் தொடர 'நன்றி' ஆகிப் பின்னர் வெறும் பெயராகச் சுருங்குவது நெருக்கத்தின் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாறு சுருங்கிய பிறகு ஒருவர் திடீரென 'தங்கள் உண்மையுள்ள' என்று முடிப்பாராயின், மனத்தாங்கல் நேர்ந்துவிட்டதைப் பெறுபவர் விளக்கமின்றியே உணர்ந்துகொள்கிறார்.