வற்றுப்பெருக்கும் தீவக விளக்கும்



கடல் நாள்தோறும் இருமுறை பெருகுகின்றது, இருமுறை வற்றுகின்றது. இவ்வற்றுப்பெருக்கினால் மின்சாரம் பிறப்பிக்கலாம் என்பது புதிய செய்தியன்று. பிரான்சு தேசத்திலே, றான்சு ஆற்றின் கழிமுகத்தில் 240 மெகாவாற்று வலுவுடைய நிலையம் 1966ஆம் ஆண்டிலேயே திறந்துவைக்கப்பட்டது. கழிமுகத்தின் குறுக்கே அணை கட்டிப் பெருக்கு நீரைத் தேக்கி, கடல் வற்றியதும் சுழலிகளின் வழியே விடுவதே இதன் அடிப்படை. இதற்கு நிலக்கரியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அங்ஙனமாயின், மின்சாரம் எட்டாத வறிய கரையோரங்களுக்கு இதுவன்றோ ஏற்ற வழி? இவ்வினாவுக்குச் சுந்தரவனத்தின் அண்மைக்கால வரலாறு விடை கூறுகின்றது.

மேற்கு வங்காளத்தின் தென்கோடியிலுள்ள சுந்தரவனம், தீவுகளும் ஓடைகளும் கண்டற்காடுகளும் நிறைந்த பிரதேசம். அகன்ற ஆறுகளைக் கடந்து மின்கம்பிகளைக் கொண்டுசெல்லுதல் எளிதன்று. ஆகவே, பல தீவுகளில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் இரவின் துணையாயிற்று. இந்நிலையைப் போக்க, கோசபாத் தீவினை அண்டிய துர்காதுவானி ஓடையிலே 3.75 மெகாவாற்று வற்றுப்பெருக்கு மின்னிலையமொன்றை அமைக்க இந்திய அரசு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைவளித்தது.

ஆனால், மதிப்பீடு 238 கோடி ரூபாயை எட்டியது. அஃதாவது, ஒரு மெகாவாற்றுக்கு 63½ கோடி ரூபாய். குசராத்தின் கச்சு வளைகுடாவில் எண்ணப்பட்ட 50 மெகாவாற்றுத் திட்டத்திலோ, ஒரு மெகாவாற்றுக்கு 15 கோடி ரூபாயே கணிக்கப்பட்டது. சிறிய நிலையமாயினும் அணையும் மதகும் வேண்டியனவே. அச்செலவைப் பகிர்ந்துகொள்ளும் மின்சாரமோ குறைவு. இறுதியில், கட்டுபடியாகாதெனக் கண்டு இரண்டு திட்டங்களையுமே கைவிட்டனர்.

மற்றுமோர் இடர்ப்பாடும் உண்டு. வற்றுப்பெருக்கின் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகின்றது. விளக்கேற்றும் வேளையோ மாறுவதில்லை. பிரான்சிலே கடல் ஓய்ந்த வேளையில் ஏனைய மின்னிலையங்கள் கைகொடுக்கும். தனித்து நிற்கும் தீவுக்கு அத்துணை ஏது?

தீவு மக்களுக்கு முதலில் ஒளி தந்தவை வேறு முயற்சிகளே. 1996இல் சாகர்த் தீவிலே சூரிய மின்னிலையமொன்று இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டு, மரத்தை வாயுவாக்கி மின்சாரம் பிறப்பிக்கும் 500 கிலோவாற்று நிலையம் கோசபாவில் எழுந்தது. பின்னர், பெருநிலத்திலிருந்து மின்கம்பிகளும் ஆறு கடந்து வந்தன.

கடல்நீருக்கு விலையில்லை, அதனைத் தடுக்கும் அணைக்கே விலை. அவ்விலை முழுவதையும், முதல் விளக்கு எரியுமுன்னரே செலுத்தியாக வேண்டும். செல்வம் படைத்த நாடுகள் அச்சுமையைத் தாங்கலாம். புதிய தொழினுட்பத்தின் பரீட்சைச் செலவை, விளக்கே காணாத கிராமத்தின் கணக்கில் எழுதுதல் முறையாகாது. கடல் எவ்வளவு தரும் என்று கேட்குமுன், அதற்குரிய விலையை எவர் செலுத்துவர் என்று கேட்பதே அறிவுடைமையாகும்.