துப்பறிந்த கதை – 9: பிடரிமயிரும் கரைவலையும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, நகரத்துச் சந்தடியை உதறிவிட்டு, நாட்டுப்புறத்தில் ஒரு தோட்டத்தோடு மிச்சக் காலத்தைக் கழித்துவிடலாம் என்று ஒதுங்கிப் போன துப்பறிவாளனை, அந்த நாட்டுப்புறத்திலேயே ஒரு மர்மம் தேடிவந்து வாசற்கதவைத் தட்டுவது என்பது, ஆங்கிலக் கதாசிரியர்கள் பல தலைமுறைகளாகக் கையாண்டு வந்த உத்தி. வில்கி காலின்ஸ் 1868-இல் வெளியிட்ட ‘மூன்ஸ்டோன்’ நாவலின் ஸார்ஜண்ட் கஃப், வேலையை விட்டதும் ரோஜாச் செடி வளர்க்கப் போனார். 1926-இல் அகதா கிறிஸ்டியின் எர்க்யூல் போய்ரோ ஒரு சிற்றூரில் பூசணி இனத்துக் காயொன்றைப் பயிரிட்டுக்கொண்டிருந்தபோது ஊர்ச் செல்வந்தர் கொலையுண்டார். அதே ஆண்டின் இறுதியில், ஸஸெக்ஸ் கடற்கரையில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்த ஷெர்லக் ஹோம்ஸையும் ஒரு மரணம் இழுத்துவிட்டது.

இந்தப் பரம்பரைக்கு மூலபுருஷர் என்று சொல்லத்தக்கவர் கற்பனை மனிதர் அல்லர். ஜொனாதன் விச்சர் என்ற லண்டன் போலீஸ்காரர். 1842-இல் ஸ்காட்லாந்து யார்டில் முதன்முதலாகத் துப்பறியும் பிரிவு அமைக்கப்பட்டபோது அதில் இடம்பெற்ற எண்மருள் ஒருவரான இவர், 1860 ஜூலையில் ரோட் என்னும் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஒரு பெரிய வீட்டில் நான்கு வயதுகூட நிரம்பாத ஆண் குழந்தை இரவோடு இரவாகக் கொல்லப்பட்டிருந்தது. வெளுப்புக்குப் போட்ட துணிக்கூடையில் இரவு உடை ஒன்று குறைகிறது என்று வெளுக்கும் பெண் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் மாற்றாந்தாய் வழித் தமக்கையான பதினாறு வயதுக் கான்ஸ்டன்ஸ் கென்ட்டின் மேல் அவர் குற்றம் சாட்டியபோது, ஒரு தோட்டக்காரனின் மகன் சீமாட்டி ஒருத்தியைக் கொலைகாரி என்பதா என்று பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. விச்சர் அவமானத்தோடு லண்டன் திரும்பி, 1864-இல் உடல்நலம் குன்றி ஓய்வு பெற்றார். மறு ஆண்டே அந்தப் பெண் தானாக முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். கஃப் என்னும் பாத்திரத்துக்கு விச்சரே முன்மாதிரி என்பது பொதுவான அபிப்பிராயம். வெளுக்கும் பெண்ணின் சொல்லுக்கு ஒரு நீதிமன்றச் சாட்சியத்தின் மதிப்பைக் கொடுத்ததுதான், என் கணிப்பில், அவருடைய தொழிலின் உச்சம்.

ஹோம்ஸ் விஷயத்துக்கு வருவோம். ‘சிங்கத்தின் பிடரிமயிர்’ என்ற அந்தக் கதை, வாட்ஸன் இல்லாமல் ஹோம்ஸே தம் வாயால் சொல்லும் இரண்டே கதைகளில் ஒன்று. 1907 ஜூலை மாத இறுதியில், கடலைச் செங்குத்துப் பாறைகளின் அடிவரை ஏற்றித் தள்ளிய பெருங்காற்று ஓய்ந்த மறுநாட்காலை, அயலிலுள்ள பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆசிரியர் கடலிலிருந்து தள்ளாடியபடி மேலேறி வந்து, சிங்கத்தின் பிடரிமயிர் என்று அலறிவிட்டு விழுந்து சாகிறார். முதுகிலும் தோளிலும் விலாவிலும் மெல்லிய கம்பிச் சவுக்கால் விளாசியதுபோலச் செந்நிறக் கோடுகள். கையில் கொண்டுபோன துவாய் நனையவில்லை. ஆகவே மனிதர் நீரில் இறங்கவேயில்லை என்று முடிவு கட்டப்படுகிறது. காதற் போட்டியாளராக இருந்த கணித ஆசிரியரின் மேல் சந்தேகம் விழுகிறது. சில நாட்களில் செத்தவரின் நாயும் அவர் குளிக்கப் போன கடற்குளத்தருகிலேயே செத்துக் கிடக்க, பழைய புத்தகமொன்றில் எப்போதோ படித்தது ஹோம்ஸின் ஞாபகத்தில் இடற, மச்சில் தேடி எடுக்கிறார்: ஜே. ஜி. வுட் என்ற இயற்கைநூலாசிரியர் 1874-இல் வெளியிட்ட கிரந்தம் அது. கொலையாளி கடற்சொறி, சயானியா கபிலாட்டா என்று விஞ்ஞானம் பெயரிட்ட பெருஞ்சொறி.

‘பொஹீமியாவில் ஒரு களங்கம்’ கதையில் திருகோணமலையில் நடந்த ஏதோ ஒரு துயரத்தை ஹோம்ஸ் துலக்கியதாகப் போகிற போக்கில் எழுதிய கானன் டாயில், அவரை எங்கள் மேற்குக் கரைக்கும் அனுப்பியிருந்தால் காரியம் ஒரே காலையில் முடிந்திருக்கும். சிலாபத்துக்கு வடக்கே, ஒரு புறம் கடலும் மறு புறம் முந்தல் களப்புமாகக் கிடக்கும் உடப்பில், இராமேசுவரக் கரையிலிருந்து முன்னோர் வந்து குடியேறியதாகச் சொல்லிக்கொள்ளும் தமிழர், ஆடியில் திரௌபதியம்மனுக்குத் தீமிதிப்பவர்கள், கரைவலை இழுத்தே பல தலைமுறை வாழ்ந்தவர்கள். தோணி கடலில் வளைத்து இறக்கிவிட்டு வந்த வலையின் இரு கயிறுகளையும் இரு அணிகள் பிடித்து, அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் காலை மணலில் ஊன்றி இழுக்கையில், மடி கரைசேருவதற்கு வெகு முன்பே கயிற்றில் ஒட்டிக்கொண்டு வருவது சொறியின் அறுந்த நூல்கள்தாம். உயிர் போன பின்னும், உடலிலிருந்து அறுந்த பின்னும், அந்த நூல்களின் நச்சுக்கூடுகள் வெடித்துச் சுடும். அதனால்தான் கயிறு இழுத்த கையைக் கண்ணருகில் கொண்டுபோகாதே என்று புதுப் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். மடியை அவிழ்த்ததும் சூடையும் சாளையும் கூடைக்குப் போகும். கண்ணாடிக் கூழாகக் குவியும் சொறியைப் பலகையால் வழித்து ஒதுக்குவார்கள்.

முன்னாளில் சம்மாட்டியாக இருந்த உடப்புப் பெரியவர் ஒருவருக்கு இந்தக் கதையை, முடிவை மட்டும் மறைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

“முதுகில கோடு கோடாச் சிவந்து தடிச்சிருந்துதோ, தம்பி?”

“ஓம் ஐயா. கம்பியால அடிச்ச மாதிரி.”

“முதல் நாள் என்ன காத்து?”

“கடலைக் கரைக்கு ஏத்தின பெருங்காத்து.”

“பிறகென்ன, சொறிதான். இதுக்கேன் ஒரு துரை?”

துவாய் நனையாத விஷயத்தை எடுத்துச் சொன்னேன். சொறி சுட்டவன் கரையில் நின்று உடம்பு துடைத்துக்கொண்டிருப்பானா என்று அவர் திருப்பிக் கேட்டார். மகாமேதாவி என்று உலகம் கொண்டாடும் ஹோம்ஸைப் பல நாள் அலைக்கழித்ததும், கடைசியில் அவரே தம்மை ஏமாற்றியதாக ஒத்துக்கொண்டதும் இந்தத் துவாய்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்று கதைக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கிராமத்துப் படகுகளுக்கெல்லாம் சொந்தக்காரரான டாம் பெல்லமி என்ற பாத்திரம், ஆதியில் மீன்பிடித் தொழிலாளியாக இருந்து பின்னர் பொருள் சேர்த்தவர். செத்த ஆசிரியர் அவருடைய மகளை விரும்பியிருந்தபடியால், ஹோம்ஸ் அவர் வீட்டுக்குப் போகவே போகிறார். போய், மகளின் கலியாண விவகாரத்தில் அவருக்கிருந்த மனத்தாங்கலை விசாரிக்கிறாரேயன்றி, கடலைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளுக்கும் பெண்ணிடம் வெளுப்பைப் பற்றிக் கேட்ட விச்சருக்கும், மீன்பிடித்தவரிடம் கலியாணத்தைப் பற்றிக் கேட்ட ஹோம்ஸுக்கும் உள்ள தூரம் அது.

டாயிலுக்கும் நியாயம் செய்ய வேண்டும். பிடரிமயிர்ச் சொறி குளிர்ந்த வடகடலுக்குரியது. 1865-இல் அலெக்சாண்டர் அகாசிஸ் பதிவு செய்த ஒன்றின் குடை ஏழு அடி அகலமும் நூல்கள் நூற்றிருபது அடிக்கு மேல் நீளமும் கொண்டிருந்தன. தென்னிங்கிலாந்துக் கரையில் பெல்லமி அதைக் கண்டறியாதிருக்கவும் கூடும். அது மனிதனைக் கொல்வதும் மிக அபூர்வம். அதனாலேயே டாயில் செத்தவருக்கு முன்கூட்டியே இருதய நோய் ஒன்றை வைத்திருந்தார். நம்முடைய கரையோர வைத்தியமும் முழுக்கச் சரியானதன்று. சுட்ட இடத்தில் மணலை அள்ளித் தேய்த்தால் வெடிக்காத நச்சுக்கூடுகளும் வெடித்துவிடும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

கதையில் நடந்ததை ஒத்த சம்பவம் மெய்யாகவே 1955 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துக் கரையிலுள்ள கார்ட்வெல் என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. ஆழமில்லாத நீரில் நின்ற ஐந்து வயதுச் சிறுவன் சில நிமிஷங்களில் உயிர்விட்டான். உடம்பெங்கும் சவுக்கடித் தழும்புகள். கெயின்ஸ் நகரத்து வைத்தியர் ஹியூகோ ஃப்ளெக்கர், அந்த இடத்தைச் சுற்றி வலையிட்டுக் கடலில் உள்ளதையெல்லாம் வாரிக் கொண்டுவரும்படி போலீஸாருக்குச் சொன்னார். பூதக்கண்ணாடிக்குப் பதிலாக வலை பிடித்த அந்தப் போலீஸாருக்கு அகப்பட்டவற்றுள், விஞ்ஞானம் அதுவரை பெயரிட்டிராத பெட்டி வடிவச் சொறி ஒன்று இருந்தது. அடிலெய்டிலிருந்த ரொனால்ட் ஸவுத்காட் அதை ஆராய்ந்து, ஃப்ளெக்கரின் பெயரையே இணைத்து கைரோனெக்ஸ் ஃப்ளெக்கரி என்று வழங்கினார்.

அதே கரையில், நீரில் இறங்கியவர்களுக்குச் சிறிது நேரம் கழித்து இடுப்பிலும் முதுகிலும் தாங்கொணா வலி காணும் இன்னொரு புதிர் நெடுங்காலம் நீடித்தது. 1961-இல் ஜாக் பார்ன்ஸ் என்ற வைத்தியர் நகத்தளவே உள்ள சொறியொன்றைப் பிடித்து, தம்மையும் தம் ஒன்பது வயது மகனையும் கடற்காவலர் ஒருவரையும் அதனால் சுட்டுக்கொள்ளச் செய்தார். மூவரும் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், புதிர் அவிழ்ந்தது. பெற்ற பிள்ளையின் மேல் அந்தப் பரீட்சையை நடத்தியதை எந்த விஞ்ஞான மகிமையின் பெயராலும் என்னால் ஏற்க முடியவில்லை.

விச்சரின் கதை 1864-இல் முடிந்துவிடவில்லை. ஓய்வுக்குப் பின் தனித் துப்பறிவாளராகத் திரும்பி வந்த அவர், கடலில் மாண்டதாக நம்பப்பட்ட பிரபு குமாரன் நானே என்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திறங்கிய ஒரு தடித்த மனிதனின் அடிச்சுவட்டை லண்டன் துறைமுகத்துக் கசாப்புக் கடையொன்று வரை தொடர்ந்து போன டிச்போர்ன் வழக்கை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)