ராத்திரி உதறுற கை

கை மரத்துப்போனா, என்னை மாதிரி ஐடி ஆளுங்க முதல்ல கீபோர்டைத்தான் திட்டுவோம். ஆனா இந்தக் கதை கம்ப்யூட்டருக்கு ரொம்ப முந்தையது.

1880-ல பாஸ்டன் நரம்பு மருத்துவர் ஜேம்ஸ் ஜாக்சன் புட்னம் 37 பேரைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் பெண்கள். நடுராத்திரியில கை மரத்து விழிப்பு வரும், உதறினா குறையும். காரணம் அப்போ பிடிபடல. 1913-ல பிரான்ஸில் பியர் மரீ, ஷார்ல் ஃபுவா இருவரும் இறந்த ஒருவரின் கையை ஆராய்ந்து, மணிக்கட்டு நார்ப்பட்டைக்கு அடியில் நரம்பு நசுங்கியிருந்ததைக் காட்டினாங்க. அதுக்கப்புறமும் பல டாக்டர்கள் கழுத்துப் பக்கமே காரணம் தேடினாங்க. 1950-கள்ல அமெரிக்காவின் ஜார்ஜ் ஃபேலன்தான் எல்லார் கவனத்தையும் மணிக்கட்டுக்குத் திருப்பினார்.

இன்னைக்கும் ஆரம்ப வைத்தியம், ராத்திரி மணிக்கட்டை மடங்காம நேரா வைக்கிற ஸ்பிளிண்ட். டாக்டரைப் பார்த்தா, "தூக்கத்துல எழுந்து கையை உதறுறேன்"னு மறக்காம சொல்லுங்க. அந்தப் பெண்கள் 1880-லேயே கொடுத்த துப்பு அது.