மாடியில் ஒரு அறை: ஸ்ரீரங்கத்தில் வீடு கட்ட அனுமதி கேட்ட கதை

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலோ உத்திர வீதியிலோ இருக்கும் ஒருவர், மகனுக்குக் கல்யாணம் ஆகப் போகிறது, மாடியில் ஒரு அறை எடுக்கலாம் என்று நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை சதுர அடி, என்ன செலவு என்பதெல்லாம் அப்புறம். அடிமனை யாருடையது என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கும்.

அடிமனை என்றால் வீடு நிற்கும் நிலம். வீடு தாத்தா கட்டியது, வீட்டு வரி அப்பா பெயரில், மின்சார இணைப்பு அவர் பெயரில். ஆனால் சுவருக்குக் கீழே இருக்கும் மண் ரங்கநாதர் கோயிலுக்குச் சொந்தம் என்கிறது தேவஸ்தானம். இல்லை, தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கும் எங்களுக்கே சொந்தம் என்கிறார்கள் குடியிருப்போர். இந்த வழக்கு எப்படி வந்தது என்று புரிய வேண்டுமானால் ஊரின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

மற்ற ஊர்களில் ஊருக்குள் கோயில் இருக்கும். இங்கே கோயிலுக்குள் ஊர் இருக்கிறது! ஏழு மதில்கள், 21 கோபுரங்கள், சுமார் 156 ஏக்கர். உள்ளே இருக்கும் நான்கு சுற்றுகளில் சந்நிதிகளும் மண்டபங்களும். வெளியே இருக்கும் உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் ஆகிய மூன்று சுற்றுகளில் வீடுகளும் கடைகளும். எந்த அரசர் எந்த மதிலை எழுப்பினார், எந்த மண்டபம் யார் திருப்பணி என்று 'கோயிலொழுகு' என்ற கோயிலின் வரலாற்று நூல் வரிசையாகச் சொல்கிறது. அரசர்களும் ஆசாரியர்களும் பல நூற்றாண்டுகளாகச் செய்ததும் ஒருவகையில் விஸ்தரிப்பு வேலைதான். அவர்கள் யாரிடமும் பிளான் பாஸ் பண்ணவில்லை.

இந்த வீதிகளின் பழைய வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையலறை, கடைசியில் கிணறும் கொல்லையும். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், பல இடங்களில் இருவருக்கும் பொதுச் சுவர். குடும்பம் பெருகினால் கொல்லைப் பக்கம் ஒரு அறை சேர்ப்பார்கள். அண்ணன் தம்பி பாகப் பிரிவினை வந்தால் வீட்டை நீளவாக்கில் பிரிப்பார்கள். ஏற்கனவே குறுகலான வீடு இன்னும் குறுகலாகும். கொல்லையும் தீர்ந்துவிட்டால் மிச்சம் இருப்பது வானம்தான்.

முன்பக்கம் மட்டும் யாரும் நீட்ட முடியாது. அதற்குச் சட்டம் வருவதற்கு முன்பே ஒரு காவல் இருந்தது, தேர். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் ஓடுகிறது, தைத் தேர் உத்திர வீதிகளில். வருடம் ஒருமுறை அவ்வளவு பெரிய தேர் வாசலைக் கடந்து போக வேண்டும் என்றால், திண்ணையை ஒரு முழம் தெருவில் இழுத்துக் கட்டியவன் ஊர் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும். இன்றைய நகர அமைப்பு அதிகாரிகள் தெருக்கோடு என்று சொல்வதை அன்று தேர் பார்த்துக்கொண்டது.

காகிதத்தில் அனுமதி கேட்கும் வழக்கம் வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. 1865இல் சென்னை மாகாணத்தில் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அடுத்த வருடம், 1866இல், திருச்சிராப்பள்ளி நகராட்சி அமைந்தது. ஸ்ரீரங்கம் 1871இல் தனி நகராட்சியானது. ஆரம்பத்தில் இவற்றின் கவலை எல்லாம் சாக்கடை, காலரா, வரி ஆகியவைதான். திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடும் ஊரில் அது நியாயமான கவலையும்கூட.

வீட்டைச் சேர்த்துக் கட்டுவோருக்கு முக்கியமான வருடம் 1920. அந்த ஒரே வருடத்தில் சென்னை மாகாணத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன, நகரமைப்புச் சட்டம் ஒன்று, மாவட்ட நகராட்சிகள் சட்டம் மற்றொன்று. இரண்டாவது சட்டத்தின் 197ஆம் பிரிவும் அதை அடுத்து வரும் பிரிவுகளும்தான் பின்னர் தமிழ்நாட்டு நகராட்சிகளில் பல தலைமுறைகள் புழங்கிய 'பிளான் அப்ரூவல்'. மனு, மனையின் வரைபடம், கட்டடத்தின் வரைபடம், முகப்பு, குறுக்குவெட்டு எல்லாம் தர வேண்டும். அனுமதி வரும் முன் வேலையைத் தொடங்கக் கூடாது.

அதில் ஒரு ருசிகரமான பிரிவு உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் அதிகாரி பதில் தராவிட்டால் மனுதாரர் நகர்மன்றத்திடம் முறையிடலாம். மன்றமும் ஒரு மாதம் வாய் திறக்காவிட்டால் அனுமதி தரப்பட்டதாகவே கருதி, விதிகளை மீறாமல் கட்டிக்கொள்ளலாம். பி.காம். முதலாண்டில் ஒப்பந்தச் சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும், மௌனம் சம்மதம் ஆகாது. நகராட்சிச் சட்டத்தில் ஆகும்! இதை நம்பித் துணிந்து கட்டியவர்கள் எத்தனை பேரோ, ஆனால் ஒரு சாதாரண வீட்டுக்காரனின் நேரத்துக்கு மதிப்பு உண்டு என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

அந்த 1920 சட்டங்களுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவுக்கு வந்தார். பெயர் பேட்ரிக் கெடிஸ். அடிப்படையில் தாவரவியல் ஆசிரியர், நகர அமைப்பில் புகழ் பெற்றவர். சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு அழைத்து 1914இல் வந்தவர், தன் நகர அமைப்புக் கண்காட்சியைத் தனிக் கப்பலில் அனுப்பினார். அந்தக் கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான்! நண்பர்கள் புதிதாகப் படங்கள் சேகரித்து அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு மாகாணத்தின் பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். அப்போதைய பொறியாளர்களின் மருந்து ஒன்றே ஒன்று. நெரிசலான தெருவா, இடித்து நேர் ரோடு போடு. கெடிஸ் அதை எதிர்த்தார். பழைய வீடுகளையும் மரங்களையும் குளங்களையும் முடிந்தவரை காப்பாற்றி, தேவையான இடத்தில் மட்டும் சிறிது வெட்டித் திறந்துவிடலாம், செலவும் குறையும், ஜனங்களும் வீடிழக்க மாட்டார்கள் என்றார். 1919இல் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் தென்னாட்டுக் கோயில் நகரங்களைப் பாராட்டி ஒரு கட்டுரையும் எழுதினார். பின்னால் வந்த விதிகளில் அவர் சொன்ன நிதானம் அதிகம் தென்படவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதோடு அனுமதி இரண்டானது. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று பார்ப்பது திட்ட அனுமதி, கட்டடம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது கட்டட அனுமதி. சின்ன வீட்டுக்கு இரண்டும் ஒரே மேஜையில் முடிந்துவிடும், பெரியதற்கு அலைய வேண்டும். முன்னால் இத்தனை அடி, பக்கவாட்டில் இத்தனை அடி காலி இடம் விட வேண்டும் என்பது இந்த விதிகளின் உயிர். தில்லை நகர் மாதிரி கட்டம் போட்டுப் பிரித்த இடத்துக்கு அது பொருந்தும். பொதுச் சுவரில் நிற்கும் உத்திர வீதி வீட்டுக்காரர் பக்கவாட்டில் எங்கே காலி இடம் விடுவார்? இதற்காகவே 'தொடர் கட்டடப் பகுதி' என்று ஒரு வகையை விதிகளில் வைத்தார்கள். அங்கே பக்கவாட்டு இடைவெளி கேட்பதில்லை. 1994இல் திருச்சி, ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் சேர்ந்து மாநகராட்சி ஆனபின் மனு கொடுக்கும் அலுவலகமும் மாறியது.

அடுத்து உயரம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் மதிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று அரசாணை வந்தது. ஸ்ரீரங்கத்திலும் அதே அளவுதான். ஒன்பது மீட்டர் என்றால் ஏறத்தாழ முப்பது அடி, தரைத்தளமும் இரண்டு மாடியும். இரண்டு ஊரிலும் மீறியவர்கள் உண்டு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகளும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. தெற்கு வாசல் ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அடிநிலையோடு நின்றுபோய் மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அகோபில மடத்தின் 44ஆவது ஜீயர் முயற்சியில் 1979இல் வேலை தொடங்கி, 1987 மார்ச் 25இல் கும்பாபிஷேகம் ஆனது. 13 நிலைகள், 236 அடி. ஸ்ரீரங்கத்தில் பழைய கட்டடத்தின் மேல் மாடி எடுத்தவர்களில் முதலிடம் அதற்குத்தான்! அந்தக் கோபுரம் எங்கிருந்தும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அதன் காலடியில் இருப்பவர் முப்பது அடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது சரியான விதி என்றே தோன்றுகிறது. கோபுரத்தை மறைத்து லாட்ஜ் கட்டினால் லாட்ஜுக்கு எதற்கு ஆள் வரப் போகிறது?

ஆற்றைத் தாண்டி மலைக்கோட்டைப் பக்கம் வந்தால் தொல்லை வேறு மாதிரி. அங்குள்ள பல்லவர் காலக் குடைவரை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்று 1992இல் அறிவித்தார்கள். 2010இல் சட்டத்தையே திருத்தி இறுக்கினார்கள். முதல் வட்டத்தில் பழுது பார்க்கலாம், புதிதாகக் கட்ட முடியாது. இரண்டாவது வட்டத்தில் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆனாலும் மலைக்கோட்டைக்காரர் கையில் பட்டா இருந்தால், அவர் நிலம் அவருடையது. ஸ்ரீரங்கத்தின் சிக்கல் அதற்கும் அடியில் இருக்கிறது.

1860களில் இனாம் கமிஷன் மாகாணம் முழுவதும் கோயில் மானியங்களைக் கணக்கெடுத்துப் பட்டயம் கொடுத்தது. கோயில்கள் இன்று உரிமை கோரும் பல நிலங்களுக்கு அதுதான் ஆதாரம். சுதந்திரத்துக்குப் பின் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் வந்தன. அவற்றின்படி யாருக்குப் பட்டா போக வேண்டும் என்று ஊருக்கு ஊர் வழக்கு. இன்னொரு பக்கம் 1959ஆம் ஆண்டின் அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்கவோ ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது என்கிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு, அப்படிப்பட்ட சொத்தின் பத்திரத்தைப் பதிவு செய்யவே மறுக்கச் சொல்கிறது.

இந்தப் பிரிவுகள் வந்த காரணத்தைக் குறை சொல்ல முடியாது. கோயில் சொத்தை விழுங்கியவர்கள் தமிழ்நாட்டில் குறைவா என்ன? ஆனால் ஒரு சாதாரண ஸ்ரீரங்கத்துக் குடும்பத்தின் கணக்கைப் பாருங்கள். அடிமனை தகராறு என்றால் பத்திரம் பதிவாகாது, பட்டா இல்லை. பட்டா இல்லாமல் பிளான் அப்ரூவல் மனு நகராது. அப்ரூவல் இல்லாமல் வங்கி வீட்டுக் கடன் தராது. நகரின் மையத்தில், லட்சக்கணக்கில் மதிப்புள்ள இடத்தில் குடியிருந்தும் அதை அடமானம் வைத்து ஒரு அறை கட்ட முடியாது. கணக்குப் புத்தகத்தில் சொத்துப் பக்கம் எழுதவும் முடியாமல், விட்டுவிடவும் முடியாமல் ஒரு வீடு!

நேர் வழி அடைபட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? 'தற்காலிகமாக' ஏதாவது போடுவார்கள். மாடியில் நான்கு கம்பம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் அல்லது கீற்று. அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று ஒரு நம்பிக்கை. இந்தப் பழக்கம் அடிமனைத் தகராறு உள்ள இடத்தில் மட்டும் இல்லை, எங்கும் உண்டு. அதன் விலை என்ன என்று ஸ்ரீரங்கத்துக்கே தெரியும்.

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். முதல் மாடியில் கீற்றுக் கொட்டகை, அதன் கீழே முகூர்த்தம். கீற்றில் தீப் பிடித்தது. வீடியோ எடுக்கப் போட்டிருந்த விளக்கின் மின்சாரத்தில் தொடங்கியதாகச் சொன்னார்கள். இறங்கக் குறுகலான படிக்கட்டு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாப்பிள்ளையும் அதில் ஒருவர். ஆறு மாதத்துக்குள், ஜூலை 16இல், கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். படிக்கட்டின் அகலம் என்ன, கூரை எதனால் ஆனது, வெளியேற எத்தனை வழி என்று வரைபடத்தில் கேட்பது எல்லாம் குமாஸ்தாவின் குறும்பு என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்த வருடம் பதில் கிடைத்தது.

அரசாங்கமோ ஒரு கையால் விதி எழுதி, மறு கையால் மன்னித்துக்கொண்டே வந்தது. 1971 சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி வரை மீறிக் கட்டியவர்கள் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். ஒரே ஒரு முறை சலுகை என்று பெயர், ஆனால் தேதி திரும்பத் திரும்ப நீண்டது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் தேதியை மட்டும் ஏற்று நீட்டிப்புகளை ரத்து செய்தது. பிறகு 113-சி வந்தது. 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு என்று 2017இல் அதற்கு விதிகள் வெளியாயின. ஒழுங்காக மனு கொடுத்து, அம்மோனியா பிரிண்ட் எடுத்து, லைசென்ஸ் சர்வேயரிடம் கையெழுத்து வாங்கிக் காத்திருந்தவருக்கு இந்தச் சலுகைகளில் என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

2019 பிப்ரவரியில் மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தன. 1920ஆம் ஆண்டின் நகராட்சிகள் சட்டம் ஒரு நூற்றாண்டைத் தாண்டி வாழ்ந்து, 2023இல் நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்துக்கு இடம் விட்டது. 2024 ஜூலையில் சுயசான்று முறை தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு இணையத்தில் உடனே அனுமதி. யாரும் வந்து பார்க்க மாட்டார்கள், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, உரிமையாளர் தானே உறுதி சொன்னால் போதும். மாடியில் ஒரு அறை கேட்பவருக்கு இதைவிட எளிய வழி இந்த நூற்றைம்பது வருடத்தில் இருந்ததில்லை. ஆனால் அந்த மனுவும் பத்திரமும் பட்டாவும் கேட்டுத்தான் தொடங்குகிறது.